லண்டன் மாப்பிள்ளையின் அப்போரியா

படித்தவர்கள் முடிவெடுக்கப் பயந்தால் அதற்கு ஒரு கிரேக்கப் பெயர் உண்டு என்பதை வெள்ளவத்தையில் ஒரு ஐஸ்கிரீம் கடையில் வைத்துத்தான் அறிந்துகொண்டேன். சொல்லித்தந்தவர் என் அக்காவைப் பெண் பார்க்க லண்டனிலிருந்து வந்திருந்தவர். அவருக்கு முன்னால் ஐஸ்கிரீம் உருகிக்கொண்டிருந்தது. அதைச் சாப்பிடுவதா விடுவதா என்பதிலும் அவர் ஒரு முடிவுக்கு வந்திருக்கவில்லை.

சண்டையால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை மூடிக்கிடந்த காலம் அது. நாங்கள் கப்பலேறித் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் ஒரு மாடிவீட்டோடு சேர்ந்த அனெக்ஸில் வாடகைக்கு இருந்தோம். அப்பா அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் மருந்துப் போத்தல் லேபிளையும் மரியாதையோடு வாசிப்பவர். அம்மா அப்பாவுக்கு எதிராக ஒரு நாளும் கதைக்காதவர். அக்கா இரத்மலானைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தாள். நான் பம்பலப்பிட்டியில் கணக்கியல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். மேல்மாடியில் வீட்டுக்கார அம்மா இருந்தார், நெடுங்காலமாக வெள்ளவத்தையில் குடியிருக்கும் முஸ்லிம் குடும்பம். தொலைபேசி அவரிடம்தான் இருந்தது.

அக்காவுக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய சாதகத்துக்குப் பொருந்துகிற ஆண்கள் எல்லோரும் கனடாவிலோ சுவிஸிலோ லண்டனிலோ இருந்தார்கள். மிச்சமிருந்தவர்களை அப்பா மாப்பிள்ளை என்று கணக்கெடுப்பதில்லை. ஆகவே இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்த ஒரு அம்மையார், தன் தங்கையின் மகன் லண்டனிலிருந்து வருகிறார், பல்கலைக்கழகத்தில் தத்துவம் படிப்பிக்கிறார், அல்லது படிக்கிறார், இரண்டும் ஒன்றுதான், சீதனமும் வேண்டாமாம் என்று சொன்னபோது அப்பா கதிரையை விட்டு எழும்பி நின்றார். அந்த அம்மையாரைப் பெரியம்மா என்றே கூப்பிடும்படி எங்களுக்குச் சொல்லப்பட்டது. சம்பந்தம் முடிவதற்கு முன்னரே முறை தொடங்கிவிட்டது.

பெண் பார்ப்பது என்று எங்கள் ஆட்கள் சொல்லமாட்டார்கள். தற்செயலாகக் கோயிலில் சந்திப்பது என்பார்கள். அந்தத் தற்செயலுக்காக அம்மா முதல் நாளே சேலையை மினுக்கி வைத்தார். கோயிலில் மாப்பிள்ளை அக்காவைப் பார்த்தார், கோபுரத்தைப் பார்த்தார், திரும்ப அக்காவைப் பார்த்தார். பிறகு பெரியம்மா வந்து, அவர் பெண்ணோடு தனியாகக் கதைக்க வேண்டும் என்கிறார், லண்டனில் அப்படித்தானாம் என்றார். தனியாக என்றால் என்னையும் சேர்த்து. அப்படித்தான் நாங்கள் மூவரும் காலி வீதியில் இருந்த ஐஸ்கிரீம் கடைக்குப் போனோம்.

அவர் நல்ல நிறம், நல்ல உயரம், குரலும் நல்ல குரல். தன் குரல் நல்லது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. கொழும்பு வெயிலைப் பற்றியும் லண்டன் குளிரைப் பற்றியும் கதைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அக்காவிடம் சொன்னார்:

"நான் நேர்மையாச் சொல்லவேணும். உங்களில ஒரு குறையும் இல்லை. ஆனா ஓம் எண்டும் என்னால சொல்ல முடியேல்ல, இல்லை எண்டும் சொல்ல முடியேல்ல. இந்த நிலைக்குக் கிரேக்கர் ஒரு சொல்லு வச்சிருக்கினம். அப்போரியா."

பிறகு விளக்கம் தொடங்கியது. பாதை இல்லாமல் நிற்பதுதான் அந்தச் சொல்லின் அடிப்படையாம். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் மனம் திகைத்து நிற்கும் ஐயமாம். அது பலவீனம் இல்லையாம், அறிவின் தொடக்கமாம். தெரியும் என்று நினைப்பவனைவிடத் தெரியாது என்று திகைப்பவன் ஒரு படி மேலாம். பாதை இல்லாமை என்றால் என்னவென்று எங்களுக்கு விளக்குவதற்கு ஒருவர் லண்டனிலிருந்து விமானம் ஏறி வந்திருந்தார். நாங்கள் பாதையில்லாமல் கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டு வந்தவர்கள் என்பது அவருக்கு நினைவில்லை. நான் என் ஐஸ்கிரீமை முடித்துவிட்டேன்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டாள். "அப்ப எப்ப சொல்லுவியள்?"

அவர் மக்குப் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கும் வாத்தியாரைப் போலச் சிரித்தார். "அதுக்குக் காலம் வைக்க ஏலாது. காலம் வச்சா அது அப்போரியாவே இல்லை."

திரும்பி வரும்போது ஒழுங்கை முனையில் செக்பொயின்ற். அவர் பிரித்தானியக் கடவுச்சீட்டை எடுத்து நீட்டினார். ஆமிக்காரன் அதன் வெளியட்டையைப் பார்த்தவுடனேயே போங்கள் என்று கை காட்டினான். எங்களை மறித்து வைத்தான். எந்த ஊர், ஏன் வந்தது, எங்கே இருக்கிறது, எப்போது திரும்பிப் போவது? அக்கா ஒவ்வொன்றுக்கும் சிங்களத்தில் சுருக்கமாகவும் தயங்காமலும் பதில் சொன்னாள். அந்த இடத்தில் ஒரு நிமிடம் திகைத்து நின்றால் பொலிஸ் நிலையத்தில்தான் மிச்சம். மாப்பிள்ளை சற்றுத் தள்ளி நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு வழி கிடைத்ததும் அவர் சொன்னார், இந்த நாட்டில் தனக்கு நிறைய விஷயங்கள் விளங்குவதில்லையாம். அந்த வாரக் கடைசியில் அவர் லண்டனுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

வேறு யாராக இருந்தாலும் இதைக் கேட்டுவிட்டு, அவனுக்கு விருப்பமில்லை, விடுங்கள் என்று சொல்லியிருப்பார்கள். என் அப்பா நூலகத்துக்குப் போனார். பெரிய ஆங்கில அகராதியை இறக்கி வைத்து அந்தச் சொல்லைத் தேடினார். சொல் அகராதியில் இருந்தது. அவ்வளவே போதும் அவருக்கு. முகம் மலர்ந்து வந்து, அது உண்மையான சொல்தான், பெரிய தத்துவஞானிகள் பாவித்தது, ஒரு சாதாரண ஆளாக இருந்தால் ஓமென்றோ இல்லையென்றோ சொல்லிவிட்டுப் போயிருப்பான், இவர் ஆழமாக யோசிக்கிற பிள்ளை என்று அம்மாவுக்கு விளக்கினார். அகராதியில் திருட்டுக்கும் சொல் இருக்கிறது, அதற்காகத் திருடனுக்குப் பெண் கொடுக்கலாமா என்று நான் கேட்டேன். வாயை மூடும்படி அம்மா சொன்னார்.

இங்கேதான் எங்கள் ஆட்களின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஓரிடத்தில் கதைத்துக்கொண்டிருக்கும்போது பெண் வீட்டார் இன்னோரிடத்தில் கதைக்கக் கூடாது. சாதகம் இரண்டு வீட்டில் ஒரே நேரத்தில் கிடந்தால் மானம் போய்விடும். அந்த வீட்டார் ஓமென்றோ இல்லையென்றோ சொல்லும்வரை பெண்ணும் பெண்ணைப் பெற்றவர்களும் வாயைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். இல்லை என்பதையும் யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். "பாப்பம்" என்பார்கள். சில மாதம் போனதும் அந்தப் பாப்பம் தானாகவே இல்லையாகிவிடும். ஆனால் இது வெறும் பாப்பம் இல்லையே, கிரேக்கப் பாப்பம். அதற்கு எத்தனை மாதம் என்று யாருக்கும் தெரியாது. அப்பா அக்காவின் சாதகத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பின்நேரம் மேல்மாடியில் தொலைபேசி அடிக்கும். அப்பா சேர்ட் போட்டுக்கொண்டு மேலே போவார். மாப்பிள்ளை அப்பாவோடு அரை மணித்தியாலம் கதைப்பார். நாட்டு நிலைமை, பேச்சுவார்த்தை, அப்போரியாவைப் பற்றித் தான் எழுதிக்கொண்டிருக்கும் ஆய்வு. அக்காவைப் பற்றி ஒரு சொல் இருக்காது. கீழே இறங்கி வந்து அப்பா, "இன்னும் அப்போரியாவிலதான் இருக்கிறார்" என்பார், ஏதோ வெளிநாட்டு வைத்தியசாலையில் விசேட வார்டில் இருப்பதைப் போல. அம்மா தலையாட்டுவார். விசாரிக்க வருகிற சொந்தக்காரருக்கும் அதே பதில்தான். கொஞ்ச நாளில் அந்த ஒழுங்கையில் எல்லோரும் கிரேக்கம் கதைத்தார்கள். மீன் வாங்கப் போன இடத்தில்கூட அம்மாவிடம் ஒருத்தி கேட்டாளாம், பிள்ளையின் அப்போரியா சரிவந்துதோ என்று.

வீட்டுக்கார அம்மாவுக்கு மட்டும் பொறுக்கவில்லை. ஒருநாள் படியில் என்னை மறித்து, "மாப்புள இன்னும் அதுலதானா ஈக்கிறார், மகள்?" என்று கேட்டார். ஓம் என்றேன். "எங்கட ஆக்கள்ல இப்பிடிச் செஞ்சா வாப்பாமார் ரெண்டு கேள்வி கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு மேலே போனார். எங்கள் அப்பா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. படித்தவரிடம் கேள்வி கேட்பது அவருக்கு மரியாதைக் குறைவு.

இப்படி இருக்கையில் ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை நாள், கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாயும் மகனும் வந்தார்கள். அப்பா எப்போதோ கோயில் ஐயரிடம் கொடுத்து வைத்த சாதகப் பிரதி ஒன்றை அவர்கள் வாங்கிப் பொருத்தம் பார்த்திருந்தார்கள். மகனுக்கு ஒருகொடவத்தையில் ஒரு கொண்டெய்னர் யார்டில் வேலை. கொட்டாஞ்சேனை என்றதும் அப்பாவின் முகம் இறங்கியது. வெள்ளவத்தையில் ஒரு அறைக்குள் நாலு பேர் படுத்தெழும்பினாலும் கொட்டாஞ்சேனையைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிற உரிமை எங்களுக்கு இருந்தது. அப்பா அவர்களுடைய சொந்த ஊரைக் கேட்டார். பிறகு ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார். அந்த இரண்டாவது கேள்விக்கு என்ன அர்த்தம் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அந்தத் தாய் அமைதியாகப் பதில் சொன்னார்.

அப்பா தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை பொறுத்து, நாங்கள் ஓரிடத்தில் கதைத்துக்கொண்டிருக்கிறோம், அது ஒரு முடிவுக்கு வரட்டும், பிறகு பார்ப்போம் என்றார். தாய்க்கு வழக்கம் தெரியும், அதனால் எழும்பப் போனார். மகன் எழும்பவில்லை. கதவடியில் நின்ற அக்காவை நேராகப் பார்த்துக் கேட்டார்:

"உங்களுக்கு விருப்பமோ எண்டு தெரிஞ்சாப் போதும். நான் பொறுத்திருப்பன்."

அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பா, பிள்ளைக்கு எங்கள் விருப்பம்தான் விருப்பம் என்று சொல்லிவிட்டார். அக்கா வெறும் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர்கள் போன பிறகு அடுப்படியில் அவள் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "எடி, அவர் என்னைத்தான் கேட்டவர்." எத்தனையோ சாதகம் பார்த்து, எத்தனையோ பேர் வந்து போன வீட்டில் அன்றைக்குத்தான் ஒருவர் அவளைக் கேட்டிருந்தார். அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. அதைச் சொல்வதற்கு அந்த வீட்டில் இடம் இருக்கவில்லை.

மழைக்காலம் வந்து போனது. லண்டனில் திகைப்பு தொடர்ந்தது. அதற்கிடையில் அவர் அப்பாவிடம் தன் ஆய்வுக்குப் பாராட்டுக் கிடைத்த செய்தியைச் சொன்னார். அப்பா அதைக் கேட்டு எங்களுக்கே பாராட்டுக் கிடைத்த மாதிரி மகிழ்ந்தார். ஒருவர் முடிவெடுக்காமல் இருப்பதைப் பற்றி நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதிப் பட்டம் வாங்கலாம் என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பெரியம்மாதான் கடைசியில் விஷயத்தைப் போட்டு உடைத்தார். கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளைக்குக் கனடாவில் ஒரு டொக்டர்ப் பிள்ளையின் இடமும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பெண் பார்க்க வந்ததற்கு முதலே கதை தொடங்கியது, அது சரிவந்தால் ஒரு மாதிரி, சரிவராவிட்டால் ஒரு மாதிரி என்று அம்மாவிடம் சொன்னார். வெட்கம் ஒன்றும் இல்லை. செருப்புக் கிடைத்தது, போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அம்மா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார். ஆழமாக யோசித்த பிள்ளை எதை யோசித்துக்கொண்டிருந்தது என்பது இப்போது தெரிந்துவிட்டது. இனியாவது அப்பாவுக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் பத்திரிகையை மடித்து மடித்து வைத்தார். பிறகு, பெரிய இடங்களில் நாலு இடம் பார்ப்பது வழமைதான் என்றார். ஓரிடத்தில் கதைக்கும்போது இன்னோரிடத்தில் கதைக்கக் கூடாது என்ற சட்டம் எங்களுக்கு மட்டும்தான். அதை மீறுகிறவர்கள் மேல் அப்பாவுக்கு மரியாதை கூடியது என்றுதான் எனக்குப் பட்டது.

அக்கா அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, வகுப்புக்குப் போகிற மாதிரி என்னோடு வெளிக்கிட்டாள். பஸ் ஏறிய பிறகுதான் எங்கே போகிறோம் என்று சொன்னாள். புறக்கோட்டையில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்தோம். வழியில் எல்லோரையும் இறக்கி, பைகளைத் திறந்து பார்த்து, திரும்ப ஏற்றினார்கள். அக்கா வழி முழுக்க நிமிர்ந்து இருந்தாள். அவளை அப்படி ஒரு அழகோடு நான் அதற்கு முன்னர் பார்த்ததில்லை.

ஒருகொடவத்தையில் வீதியெல்லாம் லொறியும் புழுதியும். யார்ட் கேற்றில் நின்ற காவலாளி, "காவத ஓனே, நங்கி?" என்று, யாரைப் பார்க்க வேண்டுமெனக் கேட்டான். அக்கா கொட்டாஞ்சேனைக்காரரின் பெயரைச் சொன்னாள். அவன் எங்கள் அடையாள அட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே ஆளனுப்பினான். கொஞ்ச நேரத்தில் அவர் வந்தார். எங்களைக் கண்டதும் நடை மெதுவானது. வெயிலில் நிற்க வேண்டாம் என்று எங்களை ஒரு கொண்டெய்னரின் நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "அண்டைக்கு நீங்கள் கேட்டதுக்கு நான் பதில் சொல்லேல்ல. எனக்கு விருப்பம்."

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஒரு லொறி பின்னுக்கு வந்துகொண்டிருந்தது.

"போன வெள்ளிக்கிழமை எனக்கு றெஜிஸ்ராரிட்டக் கலியாண எழுத்து முடிஞ்சுது" என்றார். "அம்மா ரெண்டு தரம் ஐயரிட்டச் சொல்லி விட்டவ. உங்கட வீட்டில ஓமெண்டும் சொல்லேல்ல, இல்லையெண்டும் சொல்லேல்ல. நான் கன நாள் பாத்தனான்."

ஐயரிடமிருந்து இரண்டு தரம் செய்தி வந்ததை நாங்கள் அப்போதுதான் அறிந்தோம். அப்பா சொல்லவில்லை. அக்கா, நல்லது, நல்லா இருங்கோ என்றாள். அவர் கேற்றில் எங்கள் அட்டைகளை வாங்கித்தந்து, பஸ் தரிப்புவரை வந்து, பஸ் வரும்வரை நின்றார். எனக்கு அழுகை வந்தது. அக்காவுக்கு வரவில்லை. வீட்டில் அப்பாவிடம் அவள் எதுவும் கேட்கவுமில்லை. அவளுக்காக நான் கேட்டேன். எதற்காக அந்தச் செய்தியை மறைத்தீர்கள் என்று கேட்டதற்கு, அப்பா என்னைப் பார்த்து, இரண்டு தோணியில் கால் வைக்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை என்றார்.

அதற்கு அடுத்த வாரம் கனடா டொக்டர்ப் பிள்ளை, தனக்கு விருப்பமில்லை என்று ஒரே தொலைபேசி அழைப்பில் சொல்லிவிட்டாளாம். அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும், அவளுக்குக் கிரேக்கம் தெரியாது போலும். அத்தோடு லண்டனில் நீண்ட காலமாக இருந்த தத்துவத் திகைப்பு ஒரே பின்நேரத்தில் நீங்கியது. பெரியம்மா பழத்தட்டோடு வந்து, மாப்பிள்ளை தெளிந்துவிட்டார், முழு மனதோடு ஓம் என்கிறார் என்றார். அம்மா விளக்கேற்றினார். அப்பாவின் கண் கலங்கியது. அறிவுள்ளவன் நேரம் எடுத்தாலும் சரியான முடிவுக்குத்தான் வருவான் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

பிறகு ஏதோ முறைக்காக, அக்காவைக் கூப்பிட்டு, "பிள்ளை, உனக்கு எப்பிடி?" என்று கேட்டார். அக்கா பிள்ளைகளின் கணிதக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "ஓம் எண்டு சொல்லுங்கோ" என்றாள். சிவப்புப் பேனை நிற்கவில்லை. பார்த்தீர்களா, என் பிள்ளைக்கு ஒரு தடுமாற்றமும் இல்லை என்று அப்பா பெரியம்மாவிடம் சொன்னார். அந்த நிமிடம் அவரை நான் வெறுத்தேன். இதை எழுதும்போதும் அந்த வெறுப்பு முழுதாகப் போய்விடவில்லை.

ஆகவே நான் இவ்வளவு நேரம் திட்டிக்கொண்டிருப்பது என் அத்தானைத்தான். கெட்ட மனிதர் இல்லை. அக்காவை அடித்ததில்லை, குடிப்பதில்லை, குப்பை வாளியைக்கூட வெளியே கொண்டுபோய் வைக்கிறார், எந்த நாள் எந்த வாளி என்பதை அக்கா சொன்னால். வீடு வாங்கியது அக்கா. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பார்த்தது அக்கா. இதை வாசித்துவிட்டுக் கோபிப்பதா இல்லையா என்று அவர் முடிவெடுப்பதற்குள் இந்தக் கதை வரும் புத்தகம் கடைகளில் விற்றுத் தீர்ந்துவிடும்.

நான் முதன்முதலாக லண்டனுக்குப் போயிருந்தபோது, ஒரு பின்நேரம் அவருடைய நண்பர்கள் சிலர் வந்திருந்தார்கள். முன் அறையில் அத்தானின் நல்ல குரல் கேட்டது. தான் திருமணத்துக்கு முன் எவ்வளவு ஆழமான ஐயத்தில் இருந்தார், அதைக் கடந்தது தன் வாழ்க்கையில் எவ்வளவு பெரிய அனுபவம் என்று விவரித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கு அப்பா கேட்டபோது உனக்கு ஒரு நிமிடமாவது யோசிக்கத் தோன்றவில்லையா என்று அவளிடம் கேட்டேன்.

அக்கா சீனிப் போத்தலை மூடினாள். "யோசிக்கிறதுக்கு ரெண்டாவது எண்டு ஒண்டு இருக்க வேணுமே. அதை நாங்கள் ஒருகொடவத்தையில விட்டிட்டு வந்திட்டம்" என்றாள். பிறகு தட்டை என் கையில் தந்து, ஆற முதல் கொண்டுபோய்க் குடு என்றாள்.